மகன் இல்லாத நினைவுச்சின்னம்: வன்னியிலிருந்து கேத்தே கொல்விற்ஸைப் பார்த்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வன்னிக்குள் வருபவர் ஆனையிறவில் இலங்கைத் தீவின் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் கைகளைக் காண்கிறார். கிளிநொச்சி நகரில் எறிகணை துளைத்து வெடித்த ஒரு கொங்கிறீற் கனசதுரமும் அதன் உச்சியில் மலர்ந்த தாமரையும் இருக்கின்றன. புதுக்குடியிருப்புப் பக்கம் போனால், நீர் சூழ்ந்த பாறைக் குவியலின் மேல் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன் நிற்கிறான். இவை அரசு எழுப்பியவை. தமிழர் எழுப்பியவற்றுள் எல்லோரும் அறிந்தது வவுனியாவில் நிற்கும், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலை. எழுப்பியவர்களின் நோக்கங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயினும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. நிமிர்ந்து நிற்கும் உருவம், மேல்நோக்கி உயரும் கை, மேலே மலரும் பூ என்று எல்லாமே மேல்நோக்கியவை. மண்டியிட்ட ஓர் உருவத்தை இந்த வீதிகளில் நான் கண்டதில்லை. போர் முடிந்தபின் எஞ்சியிருப்பவரின் உடல் எப்படி இருக்கும் என்று நமது பொதுச் சிற்பங்கள் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை 18 ஆண்டுகள் விடாமல் கேட்ட ஒரு சிற்பி இருந்தார். கேத்தே கொல்விற்ஸ் என்ற அந்த ஜேர்மனியப் பெண்ணின் பெயர் அச்சோவியங்கள் வழியாகவே உலகுக்குத் தெரிந்தது. அவர் விட்டுச்சென்ற அச்சோவியங்கள் ஏறக்குறைய 275. சிற்பங்களோ அவற்றோடு ஒப்பிட மிகச் சில. அந்தச் சிலவற்றுள் பெல்ஜியத்தின் விலாட்ஸ்லோ படையினர் மயானத்தில் இருக்கும் இரண்டு கருங்கல் உருவங்களைப் பற்றியே இக்கட்டுரை பெரும்பாலும் பேசுகிறது.

கொல்விற்ஸ் 1867 ஜூலை 8ஆம் திகதி, அன்று பிரஷ்யாவுக்குரியதாகவும் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் ஆகவும் உள்ள கொனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். தந்தை கட்டடக் கொத்தனார். தாய்வழிப் பாட்டனார் அரசத் திருச்சபையிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சுயாதீனச் சபை ஒன்றைத் தொடங்கிய மதபோதகர். 1891இல் கார்ல் கொல்விற்ஸ் என்ற மருத்துவரை மணந்து பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பான பிரென்ஸ்லவர் பேர்க்குக்குக் குடிபோனார். கணவரிடம் மருந்துக்கு வந்த ஏழைப் பெண்களே அவரது ஓவியங்களின் முதல் மாந்தர்கள். நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய அவரது அச்சுத்தொடருக்கு 1898இல் பேர்லின் கண்காட்சியின் நடுவர் குழு தங்கப் பதக்கத்தைப் பரிந்துரைத்தது. இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் அதை மறுத்துவிட்டார். 1904இல் பாரிசில் தங்கியிருந்தபோது சிற்பக்கலையின் அடிப்படைகளைக் கற்று, பிரெஞ்சுச் சிற்பி றொடானின் பட்டறைக்கும் போய்வந்தார். அப்போது அவருக்கு வயது 37. சிற்பியாவதற்கு அது பிந்திய வயது. ஆனால் செப்புத்தகட்டிலும் கல்லச்சிலும் கறுப்பு வெள்ளையில் மட்டும் பல்லாண்டுகள் உழைத்த கைக்கு, நிறமின்றி நிழலால் மட்டும் பேசும் சிற்பம் அந்நியமாக இருந்திருக்காது.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஹான்ஸ், இளையவன் 1896இல் பிறந்த பீற்றர். 1914 ஓகஸ்டில் போர் மூண்டபோது பீற்றருக்கு 18 வயது. 21 வயது நிரம்பாதவன் தொண்டராகப் படையில் சேர வேண்டுமானால் தந்தையின் அனுமதி தேவை. கார்ல் சம்மதிக்கவில்லை. மகன் தாயைப் பார்த்தான். தாய் எழுந்து மகனுக்காகக் கணவரிடம் மன்றாடினார். தந்தை இணங்கினார். ஒக்டோபரில் பேர்லினிலிருந்து புறப்பட்ட பீற்றர் அம்மாதம் 22ஆம் திகதி இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்மவுடே நகருக்கு அருகில் கொல்லப்பட்டான். வீட்டைவிட்டுப் போய் இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் 279ஆம் பாடல் நினைவுக்கு வராமல் போகாது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அப்பெண் பிறந்த வீட்டில் ஒருவனையும் பின்னர் கணவனையும் போரில் இழந்தவள். போர்ப்பறை மீண்டும் ஒலிக்கிறது. எஞ்சியிருக்கும் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளுடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துக் களம் நோக்கிப் போ என்று விடுகிறாள். பாடல் அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய 278ஆம் பாடலில் வரும் இன்னொரு தாய், களத்தில் சிதைந்து கிடக்கும் மகனின் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட மிகுதியாக மகிழ்கிறாள். இந்த இரண்டு தாய்மாரையும் நாம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், மேடைகளில் கேட்டிருக்கிறோம். அவர்கள் வீடு திரும்பியபின் அடுத்த நாளை, அடுத்த ஆண்டை, பத்தாம் ஆண்டை எப்படிக் கழித்தார்கள் என்பது பாடல்களுக்கு வெளியே இருக்கிறது. கொல்விற்ஸின் சிற்பம் தொடங்குவது அந்த வெளியில்தான்.

ஆனால் அவரும் அங்கே உடனே போய்ச் சேரவில்லை. 1914 டிசம்பரில், மகன் இறந்து ஆறு கிழமைகளுக்குள், அவர் முதல் வடிவத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதில் நடுவே பீற்றரின் உடல் நீட்டிக் கிடக்கும். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பீற்றருக்கு மட்டுமல்லாமல் இறந்த இளம் தொண்டர் எல்லோருக்குமான சின்னமாக அது இருக்க வேண்டும் என்றும், பேர்லினில் ஹாவெல் ஆற்றங்கரை மேட்டில் அதை நிறுத்த வேண்டும் என்றும் விரும்பினார். அதாவது அந்த முதல் வடிவம் வீரனுக்கான கல். அதன் மையம் இறந்தவன். பெற்றோர் ஓரத்தில் இருப்பவர்கள்.

நமது நடுகல் மரபும் இதே மையத்தைக் கொண்டதுதான். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நீராட்டி நட்டு வாழ்த்துவது வரையான படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் அதே வரிசையில் கண்ணகிக்குக் கல் எடுக்கிறது. பலகைக்கல்லில் பொறிக்கப்படுவது ஆயுதமேந்திய வீரனும் அவனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் மகளிரும். அவனைப் பெற்றவர்களுக்கு அந்தப் பலகையில் இடமில்லை. வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடுவின் கல் இன்னும் விசித்திரமானது. 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கின் பெயரைத் தாங்கி நின்ற கல் அது. வென்றவனின் பெயரைச் சொன்ன அந்தக் கல்லே தோற்றவனை நினைவுகூரும் இடமாகிவிட்டது. (கல் என்ன சொல்கிறது என்பதைவிட அதற்கு முன்னால் யார் போய் நிற்கிறார்கள் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.)

1914க்கும் 1919க்கும் இடையில் கொல்விற்ஸ் அந்த முதல் வடிவத்தைச் செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். தடை கைத்திறனில் இருக்கவில்லை. தாய்நாட்டுக்காக இளையோர் தம்மைக் கொடுக்கும் பலி உயர்ந்தது என்ற நம்பிக்கையில்தான் அவர் மகனுக்காக மன்றாடியிருந்தார். அந்த நம்பிக்கை தளர்ந்தால் மகன் வீணாக இறந்தான் என்றாகும். அதைப் பற்றிக்கொண்டிருந்தால் இன்னும் இறந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அவரும் பொறுப்பாவார். அவரது நாட்குறிப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் கிழிபட்ட மனத்தின் பதிவுகள். 1918 ஒக்டோபரில், தோல்வி உறுதியான பின்னும் ஆயுதம் ஏந்தக்கூடிய எல்லோரும் தொண்டராக வரவேண்டும் என்று கவிஞர் ரிச்சார்ட் டேமல் அறைகூவல் விடுத்தபோது, கொல்விற்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி அதை எதிர்த்தார். கடிதத்தை ஜேர்மனிய மகாகவி கதேயின் (Goethe) ஒரு வரியால் முடித்தார்: விதைத் தானியத்தை மாவாக்கக் கூடாது. வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குற்றி உலையில் போட மனம் வராத ஊர்கள் இவை.

1919இல் பிரஷ்யக் கலை அக்கடமியின் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பேராசிரியர் என்ற பட்டமும் பெற்ற அதே ஆண்டில் அவர் நினைவுச்சின்ன வேலையைக் கைவிட்டார். அந்த இடைவெளியில் வந்தவைதான் போரைப் பற்றிய ஏழு மரவெட்டு ஓவியங்கள். ஜேர்மனியச் சிற்பி எர்ன்ஸ்ற் பார்லாக்கின் மரவெட்டுகளைப் பார்த்தபின் அவர் அந்த ஊடகத்துக்கு மாறியிருந்தார். அவ்வரிசையில் பெற்றோர் என்ற ஓவியம் உண்டு. அதில் தந்தையும் தாயும் ஒருவரையொருவர் தழுவி ஒரே கரிய திரளாக மண்டியிட்டிருக்கிறார்கள். எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாது.

1920களின் நடுவில் அவர் மீண்டும் களிமண்ணை எடுத்தபோது இரண்டு முடிவுகள் மாறியிருந்தன. ஒன்று, மகனின் உடல் சிற்பத்திலிருந்து போய்விட்டது. மற்றது, தழுவியிருந்த பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். இரண்டு தனிப் பீடங்கள், இரண்டு தனி உருவங்கள், நடுவே வெற்றிடம். 1926இல் கணவரும் அவரும் பெல்ஜியத்துக்குப் போய் பீற்றர் புதைக்கப்பட்ட றொக்கவெல்டே மயானத்தை முதன்முறை பார்த்தபோது இடமும் தெளிவாயிற்று. மயானத்தின் வாயிலில், கல்லறை வரிசைகளை நோக்கியபடி பெற்றோர் இருக்க வேண்டும். மகனைச் செதுக்க வேண்டியதில்லை. அவன் முன்னால் மண்ணுக்குள் இருக்கிறான். இறந்தவனை விலக்கிய பிறகே அந்தச் சின்னம் முடிவுக்கு வந்தது என்பதுதான் இந்த 18 ஆண்டு வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி.

உருவங்களைப் பார்ப்போம். தந்தை முதுகை நிமிர்த்தி மண்டியிட்டிருக்கிறார். இரு கைகளாலும் தன் உடலைத் தானே இறுகக் கட்டியிருக்கிறார். பிடியை விட்டால் உடல் சரிந்துவிடும் என்பதைப் போன்ற இறுக்கம். பார்வை முன்னே நிலைகுத்தியிருக்கிறது. தாய் முன்னோக்கிக் குனிந்து, தலை தாழ்ந்து, போர்வைக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். தந்தையின் முகத்தில் கார்லின் சாயலும் தாயின் முகத்தில் கொல்விற்ஸின் சாயலும் உண்டு. உடை மடிப்புகள் மிகக் குறைவு; அலங்காரம் அறவே இல்லை. தோளிலிருந்து தரைவரை ஒரே பரப்பாக இறங்கும் கல்லின் கனம்தான் பார்ப்பவரின் கண்ணில் முதலில் விழுகிறது. நமது கோயில் சுதைச் சிற்பங்களில் ஒவ்வோர் அணிகலனும் ஒவ்வொரு விரலும் தனித்தனியே பேசும். அது கதை சொல்லும் கலை. இங்கே கதை சொல்லக்கூடிய எல்லாம் சீவி எடுக்கப்பட்டுவிட்டன. எந்த நாட்டவர், எந்தக் காலத்தவர், எந்தத் தரப்பினர் என்பதைக் காட்டும் ஒரு பொத்தான்கூட அந்த உடைகளில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கனமானது அந்த இடைவெளி. மன்றாடிய தாயும் மறுத்துப் பின் இணங்கிய தந்தையும் ஒரே இழப்பைத் தனித்தனியே சுமக்கிறார்கள். ஒருவர் கை மற்றவருக்கு எட்டாது. மரவெட்டில் தழுவியிருந்தவர்களைக் கல்லில் பிரித்து வைக்கச் செய்த துணிவை எண்ணும்போதெல்லாம், அது சிற்பியின் முடிவா தாயின் வாக்குமூலமா என்று பிரித்தறிய என்னால் முடிவதில்லை.

செய்முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொல்விற்ஸ் கல்லைத் தாமே கொத்தியவர் அல்லர். களிமண்ணில் உருவாக்கி, பிளாஸ்டரில் வார்த்து, அந்த மாதிரியைக் கல்லுளி பிடித்தவர்களிடம் ஒப்படைத்தார். பெல்ஜியக் கருங்கல்லில் அவர்கள் கொத்தினார்கள். 1932 கோடையில், பேர்லினில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னர், அவ்விரு உருவங்களும் றொக்கவெல்டேக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கணவனும் மனைவியும் கூடவே போய் நின்று அவற்றை நட்டார்கள்.

அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாசிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையொப்பமிட்டிருந்த கொல்விற்ஸும் எழுத்தாளர் ஹைன்ரிஷ் மானும் அக்கடமியிலிருந்து விலக நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1936இல் இரகசியப் பொலிசார் அவரை விசாரித்து வதைமுகாமுக்கு அனுப்புவதாக மிரட்டினார்கள். கண்காட்சிகள் மூடப்பட்டன. அச்சடித்தாலும் காட்ட முடியாத அந்தக் காலத்தில்தான் அவர் சிறு சிற்பங்களின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். பிள்ளைகளைத் தம் உடல்களால் வளைத்து மறைத்து நிற்கும் தாய்மாரின் கோபுரம் அப்போது வந்தது. இறந்த மகனை மடியில், முழங்கால்களுக்கிடையே ஒடுக்கி வைத்திருக்கும் வயதான தாயும் அப்போதுதான். அதன் உயரம் ஒரு முழம்கூட இல்லை. 1940இல் கார்ல் இறந்தார். விதைத் தானியம் என்ற அதே வரியைத் தலைப்பாக வைத்து, முதியவள் ஒருத்தி தன் மேலாடைக்குள் சிறுவர்களை அமுக்கிப் பிடிக்கும் கல்லச்சு ஓவியத்தை 1941–42இல் செய்தார். 1942 செப்ரெம்பரில், பீற்றர் என்றே பெயரிடப்பட்டிருந்த பேரன் ரஷ்யப் போர்முனையில் றெஷேவ் அருகே கொல்லப்பட்டான். 1943 நவம்பரில் பேர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிய இரண்டு கிழமைகள் இருந்தபோது, 1945 ஏப்ரல் 22இல், டிறெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிற்ஸ்பேர்க்கில் கொல்விற்ஸ் காலமானார்.

சிற்பங்களுக்கு இறப்புக்குப் பின்னும் ஒரு வாழ்க்கை உண்டு. 1950களில் பெல்ஜியத்தின் சிறு ஜேர்மன் மயானங்கள் ஒன்றாக்கப்பட்டபோது, பீற்றரின் எச்சங்களோடு பெற்றோரும் விலாட்ஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே 25,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்; தரையோடு பதித்த ஒவ்வொரு கல்லிலும் 20 பெயர்கள். தந்தையின் பார்வைக்கு எதிரே உள்ள கற்களில் ஒன்றில் பீற்றரின் பெயரும் மற்றப் பத்தொன்பது பெயர்களோடு ஒன்றாக இருக்கிறது. கொலோன் நகரில் குண்டுவீச்சில் கூரையிழந்து அப்படியே விடப்பட்ட சென் அல்பான் தேவாலயத்துக்குள் இவற்றின் நகல்கள் உள்ளன. பேரன் இறந்த றெஷேவிலும் 2014இல் நகல்கள் வைக்கப்பட்டன.

ஒரு முழத்துக்குக் குறைந்த அந்தத் தாய் சிற்பத்தின் கதை வேறு. ஜேர்மனி ஒன்றான பின், 1993இல், பேர்லினின் நொயே வாக்க மண்டபத்தை மத்திய நினைவிடமாக்கிய அரசு அச்சிற்பத்தை ஏறக்குறைய நான்கு மடங்கு பெருப்பித்து நடுவில் வைத்தது. கூரையில் வட்டத் திறப்பு. மழையும் பனியும் நேரே தாயின்மேல் விழும். காட்சி மனத்தை உருக்குவது உண்மை. ஆனால் தரையில் பொறித்த வாசகம் போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் எல்லோரையும் ஒன்றாகச் சொன்னது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கலாம் என்று கேட்டவர்கள் பலர். மடியில் மகனைத் தாங்கிய மரியாளின் சாயல் கொண்ட கிறித்தவ வடிவத்துக்குள் யூதரின் இழப்பு எப்படி அடங்கும் என்றும் கேட்கப்பட்டது. பலியானோரை வகைப்படுத்திச் சொல்லும் தனிப் பலகை வாயிலில் வைக்கப்பட்ட பிறகும் வாதம் ஓயவில்லை. என் கருத்தில் கேட்டவர்கள் சரியாகவே கேட்டார்கள். ஒரு தாய் அறைக்குள் தனக்காகச் செய்த சிறு உருவத்தை அரசு எடுத்துப் பெருப்பிக்கும்போது, துக்கம் பொதுவாகிறது, பொறுப்பு மறைந்துவிடுகிறது. இழந்தவரின் கண்ணீரைக் காட்டி இழக்கச் செய்தவரின் பெயரை மறைக்கும் வித்தையை அறிய நாம் பேர்லின்வரை போக வேண்டியதில்லை.

அப்படியானால் விலாட்ஸ்லோவின் பெற்றோரை அப்படியே எடுத்து வன்னியில் வைக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். பிள்ளையை அனுப்பிய பெற்றோர் இங்கே இருந்தார்கள். பதுங்குகுழிக்குள்ளும் வீட்டுக் கூரைக்குள்ளும் ஒளித்து வைத்தும் பறிகொடுத்த பெற்றோர் இருந்தார்கள். எறிகணையில் பால்குடியை இழந்தவர்கள் இருந்தார்கள். கொல்விற்ஸின் தாய் சுமக்கும் குற்ற உணர்வை இவர்கள் எல்லோர்மீதும் ஏற்றுவது அநியாயம். கல்லறைகளும் இல்லை. கனகபுரத்திலும் விசுவமடுவிலும் முள்ளியவளையிலும் இருந்த துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டன. பிற்பாடு உறவினர்கள் உடைந்த கற்துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து அவற்றின் முன்னால் விளக்கேற்றினார்கள். பெற்றோர் உருவம் மண்டியிட வேண்டுமானால் எந்த வரிசையை நோக்கி மண்டியிடும்?

அதைவிடக் கடினமானது காணாமல் ஆக்கப்பட்டோரின் நிலை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் அம்மாதமே வவுனியாவுக்கும் பரவியது. கொட்டகையில் இருந்தவர்களில் பலர் பதிலின்றியே இறந்துபோனார்கள். அவர்களின் உடல்மொழியை ஒரு சிற்பியின் கண்ணோடு கவனித்தால், அது மண்டியிடுவதும் அல்ல, குனிவதும் அல்ல. தரையிலோ பிளாஸ்ரிக் கதிரையிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்ரிக் உறையிட்ட படத்தை மார்புக்கு நேரே பிடித்திருக்கும் கைகள் அவை. படம் தாயின் உடலின் ஒரு பகுதியைப் போலவே ஆகிவிட்டது. மகன் எங்கே கிடக்கிறான் என்று கொல்விற்ஸுக்குத் தெரியும். அவனது புதைகுழியின் முன்னால் அவர் நின்றிருக்கிறார். அதனால்தான் அவரால் மகனைச் சிற்பத்திலிருந்து எடுத்துவிட முடிந்தது. இந்தத் தாய்மாரின் உருவத்தைச் செய்ய வரும் சிற்பி அந்தப் படத்தை எடுத்துவிட முடியாது. அதைக் கீழே வைத்துவிட்டால், அப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்பதற்கு அவர்களிடம் வேறு எதுவும் மிஞ்சாது.